அவன் இருக்கும் வீடும் நீங்கள் கூப்பிடும் வீடும்

கேள்வி:

என் மகனுக்கு 32 வயது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் ஏழு வருடமாக ஐ.டி. வேலை பார்க்கிறான். அவன் மிதமிஞ்சிக் குடிக்கிறான் என்பது போன வருடம்தான் எங்களுக்குத் தெரிந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக ஒரு கார் கேஸும் ஆனது. அதன் பிறகு தானாகவே குடியை நிறுத்தப் பார்த்திருக்கிறான். இரண்டாம் நாள் வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்புறம் 28 நாள் ஒரு சிகிச்சை மையத்தில் இருந்தான். நாங்கள் போன் செய்து விசாரித்தால், அப்படி ஒருவர் இங்கே இருக்கிறாரா என்பதைக்கூடச் சொல்ல முடியாது என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

வெளியே வந்தவன் தன் அபார்ட்மென்டுக்குப் போகவில்லை. 'ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ்' என்று ஒரு வீட்டுக்குப் போய்விட்டான். நான்கு மாதம் ஆகிறது. யார் எவரென்று தெரியாத எட்டு ஆண்கள், எல்லோரும் குடியிலும் போதையிலும் கிடந்து வந்தவர்கள். வாரம் 160 டாலர் கொடுத்துவிட்டு ஒரு அறையில் இன்னொருவரோடு படுத்துக்கொள்கிறான். பி.இ. படித்த பிள்ளை, இந்த மாதம் கக்கூஸ் கழுவுவது அவன் முறையாம். யாராவது ஒரு நாள் குடித்துவிட்டால் அன்று ராத்திரியே பெட்டியைக் கட்ட வேண்டுமாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவனை வரச்சொல்லி, தை மாதம் கல்யாணத்தை முடித்துக் கால்கட்டு போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் என் அண்ணன். ஜாதகம் ஒன்று பொருந்தியும் வந்திருக்கிறது. என் கணவரும் ராத்திரியில் கொஞ்சம் எடுத்துக்கொள்பவர்தான். ஆனால் அளவோடு, வீட்டோடு. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி ஒன்று கிடைக்கிறதாம், வாங்கி வைக்கட்டுமா? இல்லை, சித்திரையில் நானே போய் அவனோடு இருக்கட்டுமா? சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்.

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சோறு இறங்காமல் இருக்கும் உங்களை அதிக நேரம் காக்க வைக்கக் கூடாது என்பதால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனை இப்போது கூப்பிடாதீர்கள். அவன் அநாதை இல்லத்திலோ சிறையிலோ இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்து, தானாகப் போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கிறான். சென்னையில் குடிநோய் சிகிச்சைப் பிரிவில் 22 வருடமாக மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். இவ்வளவு தெளிவான முடிவை 28-ஆம் நாளில் எடுத்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

எங்கள் பிரிவில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் அன்று காலையில் ஷேவ் செய்து, திருநீறு பூசி, கையில் மாத்திரைக் கவரோடு ஒருவர் வெளியே வருவார். வாசலில் மனைவியும் மச்சானும் ஆட்டோ வைத்துக்கொண்டு நிற்பார்கள். கைநடுக்கம் நின்றிருக்கும், பசி வந்திருக்கும், முகத்தில் ரத்தம் ஊறியிருக்கும். வீட்டார் எல்லோரும் 'சரியாகிவிட்டது' என்று நம்புவார்கள். அவர் போய் இறங்குவதோ பழைய தெரு, பழைய கடன்காரர், மாலை ஆறு மணிக்கு வந்து நிற்கும் பழைய கூட்டாளி. வெள்ளிக்கிழமை போனவர் அடுத்த வியாழக்கிழமை ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்ததை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். சிகிச்சை சரியில்லை என்று அப்போது எங்களைத் திட்டுவார்கள். உண்மையில் உடம்பிலிருந்து சாராயத்தை இறக்குவது பத்து நாள் வேலை. சாராயம் இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கப் பழகுவதற்குத்தான் மாதங்கள் ஆகும். அந்த மாதங்களை எங்கே கழிப்பது என்பதற்கு நம் ஊரில் பெரும்பாலும் ஏற்பாடே இல்லை. உங்கள் மகனுக்கு அது கிடைத்திருக்கிறது.

அந்த வீட்டின் கதை அவன் இருக்கும் மேரிலாந்திலேயே தொடங்கியது. 1975-இல், சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில், குடியிலிருந்து மீள்கிற ஆண்களுக்காக நடந்துவந்த ஒரு விடுதியைப் பணமில்லை என்று மூடப்போனார்கள். உள்ளே இருந்தவர்களுக்குப் போக்கிடம் இல்லை. அவர்களில் ஒருவர் பால் மொல்லாய். அமெரிக்க செனட் அவையின் குழுவொன்றில் வேலை பார்த்து, குடியால் எல்லாவற்றையும் இழந்தவர். வாடகையை நாமே பங்கு போட்டுக் கட்டி, வீட்டை நாமே நடத்தினால் என்ன என்று அவர்கள் யோசித்தார்கள். பழைய விடுதியில் ஒரு கெடு இருந்தது. அது முடிந்ததும் தயாரானவரும் ஆகாதவரும் வெளியே போயாக வேண்டும். அப்படிப் போனவர்கள் வரிசையாக விழுந்ததை இவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஆகவே தங்கள் வீட்டில் கெடு கிடையாது என்று வைத்தார்கள். குடிக்காமல் இருந்து, பங்குப் பணத்தைக் கட்டுகிறவரை ஒருவர் எத்தனை காலமும் இருக்கலாம். இன்று அமெரிக்கா முழுக்க இப்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. வார்டன் இல்லை, வாட்ச்மேன் இல்லை, சம்பளத்துக்கு ஆளே இல்லை. ஆண்களுக்குத் தனி வீடு, பெண்களுக்குத் தனி வீடு.

வீட்டைத் தொடர்ந்து நடத்த மூன்று விதிகள். வீட்டை ஓட்டுப் போட்டு நடத்த வேண்டும். செலவை வசிப்பவர்களே ஏற்க வேண்டும். திரும்பக் குடித்தவரை உடனே வெளியே அனுப்ப வேண்டும். தலைவர், பொருளாளர், செயலாளர் என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். வாரம் ஒரு நாள் எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, வேலை பிரித்து, மனத்தாங்கல் இருந்தால் பேசித் தீர்க்கிறார்கள். புதிதாக ஒருவர் சேர வேண்டுமானால் உள்ளே இருப்பவர்களில் நூற்றுக்கு 80 பேர் சம்மதித்து ஓட்டுப் போட வேண்டும். அதாவது, உங்கள் மகனை அந்த எட்டுப் பேரும் எதிரே உட்கார வைத்துப் பேசிப் பார்த்து, இவன் நம்மோடு இருக்கட்டும் என்று கை தூக்கியிருக்கிறார்கள். யார் எவரென்று தெரியாதவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு என்ன நோய் என்று தெரிந்த பிறகு, வா என்று சொன்ன முதல் எட்டுப் பேர் அவர்கள்தான்.

அறையை இன்னொருவரோடு பங்கு போட்டிருப்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவன் முன்பு இருந்த அபார்ட்மென்டை நினைத்துப் பாருங்கள். கதவைச் சாத்தினால் உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அவன் குடித்தது உங்களுக்குத் தெரியாமல் போனது அதனால்தான். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் படுத்திருக்கும்போது, ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்தால் 'என்னப்பா' என்று கேட்க ஒரு குரல் இருக்கிறது. அந்த இரண்டு மணிதான் குடிநோயாளிக்கு மோசமான நேரம்.

இனி கக்கூஸ். அதை அவமானமாக எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கை நடுங்கியது எழுத்திலேயே தெரிகிறது. எங்கள் பிரிவுக்கு ஒருவரை அழைத்து வந்தார்கள். 41 வயது, நல்ல உத்தியோகம். சாப்பிட்ட தட்டைத் தூக்கி வைக்கத் தெரியாது. குடித்து வாந்தி எடுத்தால் அம்மா துடைப்பார், மறுநாள் லீவு சொல்ல மனைவி ஆபீசுக்குப் பேசுவார், கடனை அப்பா கட்டுவார். இருபது வருடம் அவர் செய்த எதன் விளைவும் அவர் கைக்கு வந்து சேரவே இல்லை. எல்லாம் அன்பால் செய்யப்பட்டவை. ஆனால் அவருடைய வாழ்க்கையில் அவர் செய்ய வேண்டியதென்று எதுவும் மிச்சமில்லாமல் போய்விட்டது, குடிப்பதைத் தவிர. சிகிச்சையில் நான்காவது வாரம், ஹாலைப் பெருக்குவது அவர் முறை வந்தது. முதல் நாள் முறைத்தார். பத்தாம் நாள், தான் பெருக்கிய இடத்தில் செருப்போடு வந்தவரோடு சண்டைக்கே போய்விட்டார். அன்று எனக்கு வந்த நம்பிக்கை, அவருடைய எந்த ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தும் வந்ததில்லை. உங்கள் மகன் அந்த வீட்டில் கக்கூஸ் கழுவும்போது எட்டுப் பேருக்குப் பயன்படும் ஒரு காரியத்தைச் செய்கிறான். அடுத்த மாதம் அவனுக்காக இன்னொருவர் கழுவுவார். இது வேலைக்காரன் செய்வது போல் அல்ல, கூட்டுக் குடும்பத்தில் செய்வது போல. நம் பாட்டி காலத்து வீடுகளில் ஆளுக்கொரு வேலை இருந்ததே, அது மாதிரி.

குடித்தால் அன்று ராத்திரியே வெளியே என்பது கடுமையான விதிதான். அதைக் கேட்டு உங்கள் வயிறு பிசைவது நியாயம். ஆனால் ஒருவர் உள்ளே பாட்டிலோடு உட்கார்ந்தால் மற்ற எட்டுப் பேரும் ஆபத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு அது உயிர்ப் பிரச்சினையாக இருக்கலாம். அந்த விதி இருப்பதால்தான் உங்கள் மகனும் அங்கே நிம்மதியாகத் தூங்குகிறான். வெளியே அனுப்புவது என்றால் பனியில் நடுத்தெருவில் விடுவது என்று அர்த்தமில்லை. பல வீடுகளில் போகிறவருக்கு மருத்துவமனையில் இடம் தேடக் கைகொடுப்பார்கள். கொஞ்ச காலம் குடிக்காமல் இருந்தபின் மறுபடி சேர விண்ணப்பிக்கலாம். நீங்கள் இப்போதே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. 'அப்படி ஒரு ராத்திரி வந்தால் எங்கே போவாய் கண்ணு? யாருக்குப் போன் செய்வாய்?' என்று அவனிடம் நிதானமாகக் கேளுங்கள். அந்த வீட்டில் ஒருவரது எண்ணையோ, முன்பே குடியை விட்டு இப்போது அவனுக்கு வழிகாட்டும் 'ஸ்பான்சர்' எண்ணையோ அவன் சம்மதத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் அவனுக்கு நினைவூட்டுங்கள். தொடர்ந்து சில நாள் குடித்துவிட்டால், முன்பு செய்த மாதிரி தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. ஒரு முறை வலிப்பு வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் புத்தி பேதலித்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் இறக்க வேண்டும்.

இதெல்லாம் பலிக்குமா என்று கேட்பீர்கள். சிகாகோவில் உள்ள டிபால் பல்கலைக்கழகத்தில் லெனர்டு ஜேசன் என்ற உளவியல் பேராசிரியரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. சிகிச்சை முடித்து வெளியே வந்த 150 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேரை ஆக்ஸ்ஃபோர்டு வீடுகளுக்கு அனுப்பினார்கள். மீதிப்பேர் வழக்கம்போல வீடு திரும்பி, வெளிநோயாளியாகவோ சுயஉதவிக் கூட்டங்களுக்குப் போயோ தொடர்ந்தார்கள். இரண்டு வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது, வழக்கம்போலப் போனவர்களில் நூற்றுக்கு 65 பேர் திரும்பக் குடித்தோ போதை எடுத்தோ இருந்தார்கள். அந்த வீடுகளுக்குப் போனவர்களில் அது நூற்றுக்கு 31. மாத வருமானமும் இவர்களுக்கு 989 டாலர், அவர்களுக்கு 440. ஆய்வு 2006-இல் வெளியானது. முப்பத்தொரு பேர் விழுந்திருக்கிறார்கள் என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். அந்த வீடு மந்திரக்கோல் இல்லை. ஆனால் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும் மருந்தை ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால் நாம் வாங்காமல் இருப்போமா?

அவனை எத்தனை மாதம் அங்கே விடுவது என்றும் மனதில் கணக்குப் போடுவீர்கள். குறைந்தது ஒரு வருடம் என்பது என் எண்ணம். அதற்குமேல் அவன் இஷ்டம்.

எல்லா இடமும் நல்ல இடம் என்று நான் சொல்ல மாட்டேன். 'சோபர் லிவிங்', அதாவது குடிக்காமல் வாழும் இல்லம், என்று போர்டு மாட்டிக்கொண்டு ஏமாற்றியவர்களும் அமெரிக்காவில் உண்டு. அரிசோனா மாநிலத்தில் பூர்வகுடி மக்களை ஆசைகாட்டி வேனில் ஏற்றிப் போய்ப் போலி இல்லங்களில் வைத்து, கொடுக்காத சிகிச்சைக்கு அரசிடம் பில் போட்டார்கள். 2023-இல் அது பெரிய ஊழலாக வெடித்தது. ஆகவே இரண்டு மூன்று விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. வீட்டுக் கணக்கை அவன் பார்க்க முடிகிறதா? வேலைக்குப் போய் வருகிறானா? இன்சூரன்ஸ் அட்டையை யாராவது வாங்கி வைத்துக்கொண்டார்களா? டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்து என்று யாராவது சொல்கிறார்களா? அவன் சொல்லும் வீடு உங்கள் கடிதத்தில் உள்ளபடியே நடக்கிறது என்றால் இதில் எதுவும் இருக்காது.

சிகிச்சை மையத்தார் போனை வைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை. அது திமிர் இல்லை. போதை சிகிச்சைக்கு வந்தவர் யாரென்பதை அவர் எழுதிக் கொடுக்காமல் பெற்றோருக்கும்கூடச் சொல்லக் கூடாது என்று அங்கே மத்தியச் சட்டமே இருக்கிறது. கம்பெனிக்கும் அவர்கள் சொல்ல முடியாது என்பதுதான் அதன் நல்ல பக்கம்.

இப்போது கல்யாணம். இதில் உங்கள் அண்ணன் மேல் எனக்கு மரியாதைக் குறைவு இல்லை. அவர் உங்கள் கண்ணீரைத் துடைக்கப் பார்க்கிறார். ஆனால் கால்கட்டு என்று சொல்கிறோமே, அந்தக் கட்டில் அகப்படுவது ஒரு பெண். எங்கள் பிரிவில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனைவிகளில் எத்தனையோ பேரிடம் 'கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமா?' என்று கேட்டிருக்கிறேன். தெரியாது என்பார்கள். மாமியாருக்குத் தெரியுமா என்றால் தலையைக் குனிந்துகொள்வார்கள். தெரியும் என்றுதான் அதற்குப் பொருள். மூன்றாம் வருடம், நான்காம் வருடம், ஒரு குழந்தையோடு, நகைகள் போய், கண்ணுக்குக் கீழே கறுத்து, 'உன்னைக் கட்டின பிறகுதான் அவன் இப்படி ஆனான்' என்ற பழியையும் சுமந்துகொண்டு அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பெண்ணும் உங்களைப் போல ஒரு அம்மா பெற்ற பெண். தைக்கு முகூர்த்தம் பார்க்க வேண்டாம். ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வருடம் ஒன்று, முடிந்தால் இரண்டு போகட்டும். பிறகு அவனே விரும்பினால், அவனே தன் வாயால் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்ன பிறகு பார்க்கலாம். குடியை விட்ட மனிதரைத் தெரிந்தே கட்டி நன்றாக வாழ்கிற பெண்களையும் எனக்குத் தெரியும். மறைத்துச் செய்த கல்யாணம் ஒன்றுகூட நல்லபடியாக என் மேஜைக்கு வந்ததில்லை.

அவசரமாக வரச்சொல்ல வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கார் கேஸ். குடித்து வண்டி ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வராவிட்டாலும், விசாவை அமெரிக்கத் தூதரகம் ரத்து செய்ய முடியும் என்று 2015-இலிருந்து நடைமுறை இருக்கிறது. அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் அவன் வேலையைத் தொடரலாம். விசா ரத்தாகி வெளியே வந்துவிட்டால் புது விசா கேட்டு நிற்க வேண்டும். தூதரகம் குறித்துக் கொடுக்கும் டாக்டரிடம் பரிசோதனைக்கும் போகச் சொல்வார்கள். பதினைந்து நாள் லீவில் கல்யாணத்துக்கு வந்தவன் மாதக்கணக்கில் இங்கேயே சிக்கி, வேலை போய், பழைய நண்பர்களோடு சும்மா உட்கார்ந்திருக்கும் நிலைமையை நினைத்துப் பாருங்கள். எந்தப் பயணத்துக்கும் முன்னால் அவன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். 'என் கணவரும் ராத்திரியில் கொஞ்சம் எடுத்துக்கொள்பவர்தான். ஆனால் அளவோடு, வீட்டோடு.'

அம்மா, இதை யாரையும் குறை சொல்ல நான் எடுக்கவில்லை. உங்கள் கணவருக்கு அது அளவாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் மகனைக் கூப்பிட நினைக்கும் வீட்டில் ஏதோ ஒரு பீரோவில் ஒரு பாட்டில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறதென்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்திருக்கும். அவன் இப்போது இருக்கும் வீட்டில் அது இல்லை. வந்தால் ராத்திரி எட்டரை மணிக்கு அப்பா கிளாஸ் எடுக்கும் சத்தம் அவன் காதில் விழும். நான்கு மாதம் பழகியதெல்லாம் அந்தச் சத்தத்தின் முன் எத்தனை நாள் நிற்கும் என்று எனக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. குடிநோய் குடும்பத்தில் வரும் நோய். ரத்த சம்பந்தத்திலும் வரும், பார்த்துப் பழகியும் வரும். ஒருவருக்கு அளவாக நிற்பது அவர் மகனுக்கு நிற்காமல் போகலாம்.

ஆகவே மகனை எப்போது கூப்பிடலாம் என்று யோசிப்பதற்கு முன், கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். சண்டையாக வேண்டாம். அவர் குடிக்காத நேரம் பார்த்து, காலையில், காபி குடிக்கும்போது. 'பையன் ஒரு நாள் வருவான். அவன் வரும்போது இந்த வீட்டில் அது இருக்கக் கூடாது. உங்களால் முடியுமா?' என்று மட்டும் கேளுங்கள். முடியும் என்று அவர் சொன்னால் அவன் வரும் நாள்வரை ஏன் காத்திருக்க வேண்டும், இப்போதே ஆரம்பிக்கலாம். முடியாமல் அவர் தவித்தால், அது அவருக்கும் அளவு தாண்டியிருப்பதன் அடையாளம். அப்போது அவரையும் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். போதைப் பழக்கத்துக்கான மத்திய அரசின் இலவச உதவி எண் 14446; மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, அதில் தமிழில் பேசலாம்.

பொடி வேண்டவே வேண்டாம். அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று கொடுப்பவருக்கே தெரியாது. குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் என்ற மருந்து அதில் கலந்திருந்து, அது தெரியாமல் ஒருவர் குடித்தால், ரத்த அழுத்தம் இறங்கி இதயம் நின்றுபோகவும் கூடும். அதே மருந்தை டாக்டர் கொடுத்து, நோயாளி தெரிந்தே போட்டுக்கொண்டால் அது சிகிச்சை. கேட்காமல் கலந்து கொடுத்தது ஒரு நாள் அவனுக்குத் தெரிந்துவிட்டால், அதற்கப்புறம் உங்கள் கையால் ஒரு வாய் சோறு வாங்கிச் சாப்பிட மாட்டான்.

பார்சல் அனுப்புபவர் என்றால் இதையும் கவனியுங்கள். உடம்பு தேறட்டும் என்று தசமூலாரிஷ்டம், அசோகாரிஷ்டம் மாதிரி எதையும் அனுப்பாதீர்கள். அரிஷ்டம், ஆசவம் எல்லாம் புளிக்க வைத்துச் செய்பவை; அவற்றில் சாராயச் சத்து தானாகவே உண்டாகியிருக்கும். ஹோமியோபதி சொட்டு மருந்திலும், சில இருமல் டானிக்குகளிலும்கூடச் சாராயச் சத்து உண்டு. பாசத்தில் ஒரு அம்மா அனுப்பிய அரிஷ்டத்தில் திரும்ப ஆரம்பித்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா தன்னை மன்னித்துக்கொள்ளவே இல்லை.

போனில் என்ன பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் பாரம் பாதி அதில்தான் இருக்கும். 'இன்னைக்குக் குடிக்கலையே?' என்று தினமும் கேட்காதீர்கள். அவன் குரலை மோப்பம் பிடிக்காதீர்கள். நம்பவில்லை என்பதைத்தான் அது அவனுக்குச் சொல்லும். அவன் உங்களிடம் மறைத்தவன், உங்களுக்கு நம்பிக்கை வர நாள் பிடிக்கும், அதுவும் நியாயமே. நம்புகிற மாதிரி நடிக்கவும் வேண்டாம். வேறு ஏதாவது பேசுங்கள். அங்கே நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. அவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழும்போது உங்களுக்குச் சாயங்காலம். அந்த நேரத்தில் அவன் சமையலறையில் நின்றால், வீடியோவில் புளிக்குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுங்கள். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், என்ன வேலை பார்க்கிறார்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்த எட்டுப் பேரை 'அந்த ஆட்கள்' என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் அவனையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள் என்று அவனுக்குப் படும். குடியை விட்டு ஆறு மாதம் முடியும் நாள் எது என்று கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். குடியை விட்டவர்கள் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களில் அதற்கு ஒரு வில்லை கொடுப்பார்கள். அன்று அவன் காட்டுவான், பாருங்கள்.

பணம் அனுப்ப வேண்டாம். வேலைக்குப் போகிறான், தன் பங்கைத் தானே கட்டட்டும்.

உங்களுக்கும் ஒரு இடம் வேண்டும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற கூட்டங்கள் 1951-இலிருந்து உலகம் முழுக்க நடக்கின்றன; தமிழ்நாட்டிலும் உண்டு, இணையத்திலும் கூடுகிறார்கள். கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் பெயர் எழுதவில்லை. அங்கே யாருமே எழுத மாட்டார்கள். உங்களைப் போல சோறு இறங்காத அம்மாக்கள் அங்கே வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு முறை போய் ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டாவது வாருங்கள்.

சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது என்பதை அவனிடமே கேளுங்கள். அது அவன் விஷயம்; எவ்வளவு சொல்வது, யாருக்குச் சொல்வது என்பதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும். அவன் சொல்லும்வரை 'உடம்பு சரியில்லாமல் இருந்தது, தேறி வருகிறான்' என்றால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

சித்திரையில் போவதாக எழுதியிருந்தீர்கள். அவனிடம் கேட்டு, அவனுக்கும் சரியென்றால் போங்கள். அந்த வீட்டில் தங்க முடியாது. பக்கத்தில் தெரிந்தவர்கள் வீடோ அறையோ பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு மாதம் வேண்டாம், பத்துப் பதினைந்து நாள் போதும். அவனை அந்த வீட்டிலிருந்து பிரித்து உங்களோடு வைத்துக்கொள்ள மட்டும் பார்க்காதீர்கள். வாரக் கூட்டத்துக்கு அவன் போகட்டும், அவன் முறை வேலையை அவன் செய்யட்டும், நீங்கள் வாங்கிச் செய்துவிட வேண்டாம். ஒரு நாள் சமைக்கட்டுமா என்று மட்டும் அந்த வீட்டாரிடம் கேளுங்கள். மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். புளி இங்கிருந்தே எடுத்துப் போங்கள், ஒன்பது பேருக்குக் காணும்படி.